கோபத்தோடு கதவைச் சாத்தவிடாத அக்கா

அவர் எங்கள் வீட்டுக் கதவை முதன்முதலாகத் தட்டியபோது நானும் என் கணவரும் உச்சக் குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

கோட்-டெ-நெய்ஜில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஏறும் தெருவில் மூன்றாம் மாடி. ஒற்றை அறை, சமைக்க ஒரு குசினி, ஒரு குளியலறை. கனடாவில் மொன்றியலுக்கு வந்து எங்களுக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஜேர்மனியிலிருந்து வரவிருந்த தன் சித்தப்பா மகனை எங்களோடு தங்கச் சொல்லிவிட்டார் இவர்.

“அவனை எங்கை படுக்கவைக்கப் போறியள்? குளிக்கிற தொட்டிக்குள்ளையோ?”

“அப்ப அவனை றோட்டிலை விடச் சொல்லுறியோ?”

அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, ஒடிசலான ஒரு பெண் கையில் வெறும் கோப்பையோடு நின்றார். மேல்மாடியில் தனியாக இருக்கும் திருகோணமலை அக்கா என்று கேள்விப்பட்டிருந்தேன். பேசியதில்லை.

“கொஞ்சம் சீனி இருக்குமா பிள்ள?”

கோப்பையை நிரப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் போகவில்லை. இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மத்தியான வேலைக்குப் புறப்பட்டார். அக்கா வாசலை விட்டு அசையவில்லை.

“தம்பி, இப்பிடியே போகப் போறீங்களா?”

“வேலைக்கு நேரமாச்சுது அக்கா.”

“ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்க. என்ன சொல்லெண்டாலும் பரவாயில்ல. கோபத்தோட மட்டும் கதவைச் சாத்தப்படாது.”

முன்பின் தெரியாத ஒரு பெண் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். இவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கடைசியில், “தொட்டிக்குள்ளை நான் படுக்கிறன். அவன் கட்டிலிலை படுக்கட்டும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா உடனே விலகி வழிவிட்டார்.

பிறகொரு நாள் அவருடைய குசினிக்குப் போனபோது பார்த்தேன். இரண்டு பெரிய தகரப் பேணிகள் நிறையச் சீனி வைத்திருந்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். எந்த நேர வேலையைக் கொடுத்தாலும் மறுக்கமாட்டார், சனிக்கிழமை மத்தியானம் தவிர. அந்த நேரத்தில் ஓர் ஆங்கிலச் சானலில் பழைய ஹொலிவூட் நடனப் படங்கள் போடுவார்கள். ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். வேண்டாத சாமான்களை நடைபாதையில் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு ரீவியை நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினோம். படத்தின் மேல்பக்கம் ஒரு பட்டை கறுப்பாகவே இருக்கும். ஆடுகிற மனிதரின் தொப்பி தெரியாது.

“அவருக்குத் தொப்பி இருக்கெண்டு எனக்குத் தெரியும். அது போதும்” என்பார் அக்கா.

எல்லாப் படங்களுக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். ஓர் ஆணும் பெண்ணும் கப்பலிலோ ரயிலிலோ ஹோட்டல் படியிலோ இடிபடுவார்கள். ஒருவரை ஒருவர் பிடிக்காதது போலக் காட்டிக்கொள்வார்கள். எங்கிருந்தோ வாத்தியம் எழும். ஆடத் தொடங்குவார்கள். ஆடி முடிக்கும்போது இருவர் முகமும் மாறியிருக்கும். அதற்குப் பிறகு யாரோ சொன்ன ஒரு பொய்யை நம்பிப் பெரிய சண்டை, பிரிவு. முடிவில் விளக்குகள் எரியும் மண்டபமொன்றில் ஒருவர் மன்னிப்புக் கேட்க, மறுபடியும் ஆட்டம். நம் படங்களில் காதலர் மரத்தைச் சுற்றி ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை.

“இதிலை என்ன அக்கா இருக்கு? அந்தாள் வடிவும் இல்லை. முன்மண்டை வழுக்கை.”

“ஓம், வடிவில்லத்தான். தனிய ஆடக்குள்ள அவன் ஒரு கெட்டிக்காரன், அவ்வளவுதான். அவளைத் தனியப் பாத்தா ஒரு வடிவான பொம்புள, அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேந்து நிண்டாங்களெண்டா அங்கால இங்கால பாக்க ஏலுமா சொல்லு?”

ஏலாதுதான். அந்தப் பெண்ணின் பாவாடை ஒவ்வொரு சுழற்சிக்கும் கொஞ்சம் பிந்தியே வந்து சேரும். அந்த மனிதர் கால் வைத்த இடத்திலிருந்து எடுக்கும் கணத்தில் அவள் கால் அங்கே வந்து நிற்கும். சப்பாத்துச் சத்தம் ஒன்றுகூடப் பிசகாது.

“அவன்ட கையைப் பார்,” என்று அக்கா எழுந்து போய் ரீவிக் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டுவார். “முதுகில வச்சிருக்கான். தள்ளுறானா? இல்ல. இழுக்கிறானா? இல்ல. எந்தப் பக்கம் திரும்பவேணுமெண்டு அவளுக்குத் தெரியுது. கதைச்சா வாறது இல்ல இது.”

அந்தப் படங்களை அவர் சின்ன வயதில் திருகோணமலையில் பார்த்திருக்கிறார். அவருடைய அப்பா கடற்படைத் துறைமுகத்தில் சாமான் அறையில் வேலை. வேலையாட்களின் குடும்பங்களுக்கென்று அங்கே ஒரு மண்டபத்தில் படம் காட்டுவார்களாம். பின்னாளில் அவரைக் கட்டிய மனிதரும் அந்த மண்டபத்தில்தான் அறிமுகம். பின்வரிசையில் இருந்துகொண்டு, “இப்ப என்ன சொன்னவன்? இப்ப என்ன சொன்னவள்?” என்று ஆங்கிலத்துக்கு விளக்கம் கேட்டபடியே இருப்பாராம். கொன்வென்ர் பள்ளியில் படித்த அக்கா திரும்பிப் பாராமல் பதில் சொல்வாராம். அந்த மனிதருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பது மூன்றாவது படத்தில்தான் அக்காவுக்குத் தெரிந்ததாம்.

இதைச் சொல்லும்போது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நான் பார்த்தேயிராத அந்த மனிதரை நானும் அத்தான் என்றே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் மெல்லத்தான் கவனித்தேன். படத்தில் சண்டை தொடங்கும் முன்னரே அக்கா எழுந்து குசினிக்குப் போய்விடுவார். எந்தப் படமானாலும், எத்தனை தரம் பார்த்ததானாலும்.

“இருங்கோ அக்கா, இப்பதான் அவள் அவனுக்கு அறையப் போறாள்!”

“அறையட்டும். எனக்குத் தேத்தண்ணி கொதிக்குது.”

எட்டிப் பார்த்தால் அடுப்பே மூட்டியிருக்கமாட்டார். குசினி யன்னலருகே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே வாத்தியச் சத்தம் மாறியதும், மன்னிப்புக் கேட்கும் இடம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கையில் தேத்தண்ணி இல்லாமலே வந்து கதிரையின் நுனியில் உட்காருவார். கடைசி ஆட்டம் முடியும்வரை மூச்சுவிடுகிற சத்தமும் கேட்காது.

படத்தில் பார்க்கமுடியாததை அவர் நிசத்திலும் பார்க்கமாட்டார். எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டில் புருசன் பெண்சாதி குரல் உயர்ந்தாலும் கோப்பையோடு போய் நிற்பார். முதலாம் மாடியில் ஒரு கியூபெக் சோடி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சண்டை படிக்கட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு பெட்டியோடு இறங்க, உள்பனியனோடு அந்த மனிதர் பின்னால் கத்திக்கொண்டு ஓட, கட்டடமே எட்டிப் பார்த்தது. அக்கா ஒரு தட்டு நிறைய மீன் றோல்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று சொற்கள்: வணக்கம், மன்னிப்பு, நன்றி. மூன்றையும் ஒரேயடியாகச் சொன்னார்.

“பொன்ஜூர். பார்டோன். மெர்சி.”

அவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தட்டை இருவருக்கும் நடுவில் நீட்டியபடி நின்றார். அந்த மனிதர் ஒன்றை எடுத்தார். உறைப்பு அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அந்தப் பெண் பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் நிரந்தரமாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு அவள் பெட்டியோடு மேலே ஏறினாள்.

மேலே வந்த அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது. “ஏன் அக்கா உங்களுக்கு இந்த வேலை?” என்று கேட்டேன்.

“பேந்து சொல்லுறன்” என்றார். பிறகும் சொல்லவில்லை.

நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த குளிர்காலத்தில், நகரின் மறுபக்கத்தில் இருந்த பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். எங்கள் தெரு செங்குத்து. மழை பெய்து உறைந்த நாளில் அது கண்ணாடி. நான் இரண்டு அடி வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டேன். அக்கா ஒரு கையால் என் கையைப் பிடித்து மற்றக் கையை என் முதுகில் வைத்தார்.

“நிலத்தைப் பாக்காத. என்ட காலையும் பாக்காத. என்ட கை சொல்லுறதைக் கேள்.”

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அக்கா.”

“கேக்கும். பொறு.”

கொஞ்சத் தூரத்தில் கேட்டது. அந்தக் கை எங்கே நிற்கச் சொன்னதோ அங்கே நின்றேன். எங்கே திரும்பச் சொன்னதோ அங்கே திரும்பினேன். பஸ் தரிப்பிடம்வரை இருவரும் ஒரு தரமும் வழுக்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் அக்கா பெருமையாக, “பாத்தியா? படத்தில இருந்து பழகினது” என்றார்.

அத்தான் ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். “வருவார்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார் அக்கா. ஊரில் யுத்தம் நடந்த அந்த நாட்களில் எங்களில் பாதிப் பேருடைய பாதிக் குடும்பம் எங்கேயோ ஒரு நாட்டில் நின்றுகொண்டிருந்ததால் யாரும் மேலே துருவமாட்டார்கள். இடைக்கிடை ஊரிலிருந்து தொலைபேசி வரும். அக்காவின் பக்கத்தை நான் கேட்டிருக்கிறேன். “சுகமா? ஓம், சுகம். குளிர்தான். மழையா அங்க? சாப்பிட்டாச்சா?” அவ்வளவுதான். படத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கும் மனிசி தன் புருசனோடு மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைப்பார்.

என் மகள் பிறந்த அடுத்த கோடையில் ஒரு நாள் அக்கா படிகளில் ஓடி இறங்கி வந்தார். கையில் கோப்பை இல்லை.

“பிள்ள, அவர் வாறாராம்! ‘சரி, நான் வாறன்’ எண்டு சொல்லிப்போட்டார்!”

அந்த மாதங்களில் அவரைப் பார்த்திருக்கவேண்டும். சுவருக்கு வெளிர்நீல வர்ணம் அடித்தார். நடைபாதையில் கிடந்த ஒரு நல்ல கதிரையைத் தன்னந்தனியாக இழுத்து வந்தார். சனிக்கிழமைகளில் ரீவி முன்னால் இருந்துகொண்டு, “இது அவர் பாத்த படம், இது பாக்காதது” என்று தரம் பிரித்தார். மிராபெல் விமான நிலையத்துக்கு எந்த பஸ், எவ்வளவு நேரம் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரையும் கேட்டு வைத்தார். நான் ஒருமுறை, “அங்கை அத்தானைக் கண்டவுடனை என்ன செய்வியள்?” என்று கேலி செய்தேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. “சொல்ல ஒண்டு இருக்கு. அதை முதல்ல சொல்லுவன்” என்றார்.

விசா வேலையாக அத்தான் கொழும்புக்குப் புறப்பட்ட பஸ்ஸை ஆயுதக்காரர்கள் வழியில் மறித்து, ஆண்களை இறக்கிச் சுட்டுவிட்டார்கள். அக்காவின் தங்கச்சி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்துச் சொன்னார். அது ஒரு காலைநேரம். மேல்மாடியில் ஏதோ விழும் சத்தம் கேட்டு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தொலைபேசி நிலத்தில் கிடந்தது. அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குள்ளிருந்து தங்கச்சியின் குரல், “அக்கா, அக்கா” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சனம் வந்தது. உடல் இல்லாத செத்த வீடு. பால் இல்லாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஆட்கள் மெல்லக் கதைத்தார்கள். நீல வர்ணம் அடித்த சுவரில் சாய்ந்தபடி அக்கா அழாமல் இருந்தார். எல்லாரும் போனபிறகு, மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என்னிடம் தானாகச் சொன்னார்.

“பிள்ள, நான் இங்க வரக்குள்ள நானும் அவரும் சண்டை.”

நான் ஊட்டுவதை நிறுத்தினேன்.

“வெளிநாட்டில இருந்த என்ட தம்பி எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினவன். கலவரத்தில கல்லெறிஞ்ச வீட்டில எனக்கு நித்திரை வாறல்ல. இவர் கடைசி நேரத்தில மாட்டன் எண்டுபோட்டார். வெள்ளைக்காரன்ட கோப்பை கழுவ வரமாட்டாராம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனன். பின்னால வந்தவர். யன்னலுக்குக் கீழ நிண்டவர். நான் சொன்னன்...”

அக்கா தன் வாயைத் தானே தடவிக்கொண்டார்.

“செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம் எண்டு சொன்னன். பஸ் வெளிக்கிட்டுட்டுது. நான் மற்றப் பக்கம் திரும்பி இருந்தன்.”

“கோபத்திலை சொன்னது அக்கா. அத்தானுக்குத் தெரியாதே?”

“தெரியும். தெரியாமலா வர ஒத்துக்கொண்டவர்? ஆனா நான் சொல்லேல்லயே. ஒவ்வொரு முறையும் போனில சொல்ல வாயெடுப்பன். மழையா எண்டு கேப்பன். போனில சொல்லுற விசயமா இது? படத்தில எல்லாம் கடைசியிலதானே சொல்லுறாங்க. முகத்தைப் பாத்துச் சொல்லுவாங்க. நானும் மிராபெலில சொல்லுவமெண்டு வச்சிருந்தன்.” நிலத்தில் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கையைப் பொறுக்கினார். பிறகு, “சொல்லி அனுப்பிப்போட்டாங்க, பிள்ள” என்றார். அப்போதுதான் அழுதார். என் மகள் சோற்றுக் கையோடு தவழ்ந்து போய் அவருடைய மடியில் ஏறினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா சனிக்கிழமை மத்தியானங்களிலும் வேலை செய்யத் தொடங்கினார். அவராகக் கேட்டு வாங்கியது. எங்கள் கட்டடத்தில் சண்டைகள் நடந்தன, முடிந்தன. அவர் யார் கதவையும் தட்டவில்லை. நானும் இவரும் எதற்காவது குரலை உயர்த்தினால் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வோம். அது பாதிச் சண்டையாக நின்றுபோய், பேசித் தீர்க்கவும் முடியாமல் வீட்டுக்குள் கிடக்கும். அவர் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கமாட்டாரா என்றிருக்கும்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அவரோடு துப்புரவு வேலை செய்த இத்தாலியப் பெண் ஒருத்தி தன் மகளின் கல்யாணத்துக்கு அழைத்தாள். மாட்டேன் என்ற அக்காவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட ஒரு மண்டபம். பெரிய பெரிய தட்டுகளில் சாப்பாடு, அக்கோடியன் வாசிக்கும் ஓர் இளைஞன், மேசைகளுக்கு நடுவே ஓடித் திரியும் பிள்ளைகள். நாங்கள் இருவரும் சேலையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். என் மகள் மேசைக்குக் கீழே நித்திரையாகிவிட்டாள்.

மணப்பெண்ணின் பெரியப்பா, எழுபதைத் தாண்டிய கிழவர், தனியாக இருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் ஆடக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எங்கள் மேசைக்கு வந்ததும் அக்காவுக்கு முன்னால் குனிந்து கையை நீட்டினார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். அவர் கையை எடுக்கவில்லை. நான் ஏதாவது சொல்லி அவரை அனுப்பிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தபோது, அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

எத்தனை வருடமாக எத்தனை ஆட்டத்தைப் பார்த்த மனிசி. அந்தக் கிழவர் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு ஆடத் தெரியவில்லை. கிழவர் முன்னால் வந்தபோது அவரும் முன்னால் வந்தார். இருவரும் இடித்துக்கொண்டார்கள். சுற்றவேண்டிய இடத்தில் நின்றார், நிற்கவேண்டிய இடத்தில் சுற்றினார். அவருடைய கால் கிழவரின் சப்பாத்தில் ஏறியது. சேலை சிக்கியது. கிழவர் இத்தாலிய மொழியில் ஏதோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே, அக்காவின் முதுகில் வைத்த கையை எடுக்காமல், பாட்டு முடியும்வரை அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். கொண்டுவந்து கதிரையில் இருத்திவிட்டு மறுபடியும் குனிந்து வணங்கினார்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீரை நீட்டினேன்.

“அந்த மனுசன்ட காலைப் போட்டு மிதிச்சுப்போட்டன், பிள்ள.”

“பரவாயில்லை அக்கா. முதல்தரம்தானே.”

“ஓம். முதல்தரம்தான்.” மண்டபத்தின் நடுவே ஆடுகிறவர்களைப் பார்த்தபடி இருந்தார். அங்கே மணமகன் திரும்பும் பக்கம் தெரியாமல் மணமகளோடு முட்டிக்கொண்டான். அவள் அவன் தோளில் ஓர் அடி போட்டாள்.

“நாங்க ஒருநாளும் ஆடேல்ல,” என்றார் அக்கா. “படத்தை மட்டும் பாத்தம். எழும்புங்க எண்டு கேட்டிருந்தா எழும்பியிருப்பார், பாவம். அவருக்கும் ஆடத் தெரியாது. ரெண்டு பேருமா மிதிபட்டிருப்பம். மிதிபட்டு, சண்டை பிடிச்சு, பேந்தும் ஆடியிருப்பம்.”

அக்கோடியன் அடுத்த பாட்டைத் தொடங்கியது. அக்கா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் கண்ணாடிக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார்.